மைதீன் பாத்து பெயர் பொறித்த பத்தொன்பது பாத்திரங்கள்

பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கத்துக்கு லட்சுமிதான் காரணம் என்று நம்மில் பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிழையான நம்பிக்கை காலை நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும், நாட்காட்டிகளின் பின்பக்கங்களிலும், சில பட்டதாரி வீடுகளிலும்கூடப் பரவியிருப்பதால், கதைக்குள் போகுமுன் அதைத் திருத்துவது என் கடமையாகிறது. லட்சுமிக்கும் பாத்திரத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. மருதங்குறிச்சிப் பேரூராட்சியில் லட்சுமியைக் கும்பிடுகிற தெருவிலும், அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றுகிற தெருவிலும், ஐந்து வேளை தொழுகிற தெருவிலும் இந்த வழக்கம் ஒரே கண்டிப்போடு இருந்து வருகிறது. காரணம் அடுத்த வீட்டுக்காரி. வெறும் பாத்திரம் வந்தால் அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பாள், பிறகு மூடுவாள். அந்த மூடுகிற சத்தத்துக்குப் பயந்துதான் மருதங்குறிச்சி தலைமுறை தலைமுறையாக ஒரு பிடி சீனியோ, இரண்டு எலுமிச்சம்பழமோ, ஒன்றும் இல்லாத வீட்டில் நாலு இணுக்குக் கறிவேப்பிலையோ போட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து வருகிறது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. இந்தக் கதையில் மைதீன் பாத்து என்ற ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு மூச்சுத் திணறும். அவள் பிழைப்பாளா என்பதுதான் கதை, மற்றதெல்லாம் விவரம். ஆனால் விவரத்தைத் தாண்டாமல் அவளிடம் போய்ச் சேர வழியில்லை.

நோய் இரண்டாம் முறை வந்த அந்த வைகாசியில் மருதங்குறிச்சிக்கு என்று இருந்தது ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த இளம் டாக்டரம்மா, உமையொருபாகம் என்கிற சுகாதார ஆய்வாளர், ஜெபக்கனி என்கிற செவிலியர், அவ்வளவுதான். ஜெபக்கனியின் வேலை காய்ச்சல்காரர்களின் வீட்டு வாசலில் நின்று, தகரத் தடுப்புக்கு மேலாக நீளுகிற விரலில் ஆக்சிஜன் பார்க்கிற மிஷினை மாட்டி, எண்ணைப் படித்து, நோட்டில் எழுதி, தைரியமும் மாத்திரையும் சொல்லி, அடுத்த வீட்டுக்கு நகர்வது. ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு, வீட்டுக்கு ஆறு நிமிடம் என்று மாவட்டத்திலிருந்து திட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். பெருக்கினால் பன்னிரண்டு மணி நேரம் வரும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடந்து போக வேண்டியிருக்கும் என்பதைத் திட்டம் போட்டவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.

புளியடித் தெருவில் தகரம் அடித்த பதினேழு வீடுகளுக்கும் சோறு பொங்கியவள் மைதீன் பாத்து. யாரும் அவளைப் பொங்கச் சொல்லவில்லை. அவள் புருஷன் குவைத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மகளைக் கட்டிக் கொடுத்த ஊருக்கும் மருதங்குறிச்சிக்கும் நடுவில் மூன்று சோதனைச் சாவடிகள் இருந்தன. ஆகவே ஒருத்திக்குப் பொங்குவதும் ஐம்பது பேருக்குப் பொங்குவதும் ஒன்றுதான் என்று அவள் கணக்குப் போட்டாள். இது தவறான கணக்கு, ஆனால் அவளிடம் அதைச் சொல்ல ஆளில்லை. அவள் கல்யாணச் சீராக வந்தது, அவள் உம்மாவிடமிருந்து வந்தது, மகள் எடுத்துப் போகாமல் விட்டது என்று வீடு நிறைய எவர்சில்வர் இருந்தது. எல்லாவற்றின் வயிற்றிலும் புள்ளி புள்ளியாக 'மைதீன் பாத்து' என்று பெயர் வெட்டியிருந்தது. அவற்றில் சோற்றையும் ரம்பை இலை போட்ட குழம்பையும் நிரப்பி ஒவ்வொரு தகரத்தின் முன்னாலும் வைத்துவிட்டு, இரண்டு தடவை தட்டிவிட்டு வருவாள்.

நூதனம் தொடங்கியது பிரம்மசக்தி வீட்டில். பிரம்மசக்தி பீடி சுற்றுகிறவள். அவளும் புருஷனும் மகளும் தகரத்துக்குப் பின்னால் இருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் இலையும் கொடுக்கவில்லை, சுற்றிய பீடியையும் வாங்கவில்லை. ஒன்பதாம் நாள் ஜெபக்கனி போனபோது அவள் ஒரு தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பிரம்மசக்தி, வாளிய வச்சுக்கிட்டு வெயில்ல நிக்க?"

"பாத்தக்கா வாளி ஒம்பது நாளா இங்கனயே கெடக்கு நர்ஸக்கா. எதப் போட்டுக் குடுக்க? சீனி தீந்துபோச்சு. பீடியவா போட்டுக் குடுக்க முடியும்?"

"வெறும் வாளிய வச்சாத்தான் என்ன? நோய்க் காலம்."

"நோய் வந்தா மானமும் போயிரணுமோ?" என்றாள் பிரம்மசக்தி. "விரல நீட்டச் சொல்லுதிய, நீட்டுதேன். மூக்குல குச்சிய விடுதிய, விட்டுக்கிடுங்க. இதுல தலையிடாதிய."

ஜெபக்கனி போன பிறகு அவள் வீடு முழுக்கத் தேடினாள். டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் கொஞ்சமாக இருந்தது, அல்லது இல்லாமல் இருந்தது. மிஞ்சிக் கிடந்தது ஒன்றே ஒன்றுதான்: மதியம். அது முற்றத்தில், சுவரோரத்தில், நடையில், அலமாரிக்கு அடியில் எல்லாம் நிறைந்து கிடந்தது. ஒன்பது நாளாக அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் வாளியை நன்றாக விளக்கி, ஒன்றேகால் மணிக்கு முற்றத்துக்குக் கொண்டுபோய், மூடியைத் திறந்து சற்று நேரம் பிடித்தாள். தளும்பும்போது மூடினாள். உள்ளே வந்து பார்த்தபோது மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது. புருஷன் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மைதீன் பாத்து அந்த வாளியைத் திறந்தாள். மூன்று அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன, பதினேழு வீட்டுச் சோறும் பாதியில் நின்றது. வாளிக்குள்ளிருந்து பீடி இலை வாசமும், எண்ணெய் போடாத மின்விசிறியின் முனகலும், எங்கோ பழைய நாடகம் ஒன்று ஓடுகிற சத்தமும் வந்தன. பின்னாலேயே இரண்டரை மணி நேரம் வந்தது. அவள் நிதானமாகச் சோற்றை வடித்தாள், குழம்பைத் தாளித்தாள், பல நாளுக்குப் பிறகு காலை நீட்டி உட்கார்ந்தாள், ஒரு தூக்கம்கூடப் போட்டாள். எழுந்து பார்த்தால் மணி பதினொன்று. அவள் ஆச்சரியப்படவில்லை. பிரம்மசக்திக்கு எப்போதுமே தாராளக் கை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு புளியடித் தெருவில் யாரும் பாத்திரத்தில் எதைப் போடுவது என்று தவிக்கவில்லை. தகரம் அடித்த எல்லா வீடுகளிலிருந்தும் மதியங்கள் வரத் தொடங்கின. மைதீன் பாத்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் செம்பு செம்பாக ஜெபக்கனிக்குக் கொடுத்தாள். ஜெபக்கனி அவற்றைத் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் பையில் வைத்துக்கொண்டு, நேரம் போதாத இடத்தில் திறந்து, ஒரே நிமிடத்துக்குள் இருபது வீடு பார்த்தாள். மதியங்களில் தரம் உண்டு என்பதை அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். ஓய்வுபெற்ற தாலுகா அலுவலக எழுத்தர் வீட்டு மதியம் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், எதிலும் ஒட்டாது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டு மதியத்தைத் திறந்தால் காது அடைக்கும், ஆனால் அளவு நிறைய. கோயில் தெற்குச் சுவரை ஒட்டிய வீட்டு மதியம் ஈரமாகவும் புறாச் சத்தத்தோடும் இருந்தது. அதில் நன்றாகத் தூக்கம் வரும். கல்யாணம் ஆகி நாற்பது நாளே ஆன ஒரு ஜோடியும் தகரத்துக்குப் பின்னால் இருந்தது. அந்த வீட்டிலிருந்து மட்டும் கடைசி வரை சீனிதான் வந்தது.

கொடுத்தவர்களுக்கும் நஷ்டமில்லை. சாப்பிட்டுக் கை கழுவினால் சாயங்காலம். பதினான்கு நாள் தனிமை பாதியாகக் கரைந்தது. இதனால் சுகாதார ஆய்வாளர் உமையொருபாகத்துக்கு நிர்வாகச் சிக்கல் ஒன்று ஏற்பட்டது. மதியத்தைத் தானம் செய்தவர் பதினான்கு நாள் முடித்தவரா, இல்லை பதினான்கு அரை நாள் முடித்தவரா என்று தெளிவுரை கேட்டு மாவட்டத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. உமையொருபாகம் பதில் வராத இடத்தில் தாமே பொறுப்பெடுத்துக்கொள்கிற அதிகாரி. ஆகவே தகர வீடுகளிலிருந்து வரும் மதியங்களைப் பயன்படுத்துமுன் இரண்டு மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அப்படி வைத்ததில் இரண்டரை மணி நேர மதியத்தில் அரை மணி நேரம் மிஞ்சியது. மூன்றாம் நாள் உத்தரவு யாருக்கும் சொல்லாமல் மறைந்துபோயிற்று.

ஆனி பிறந்தபோது பிரம்மசக்தி வீட்டிலும் மற்றப் பதினாறு வீடுகளிலும் தகரத்தைக் கழற்றினார்கள். அதே வாரம் மைதீன் பாத்துவுக்குக் காய்ச்சல் வந்தது.

உமையொருபாகம் தாமே வந்து தகரம் அடித்தார். அதோடு நிற்காமல், நோயும் நேரமும் ஒருசேரப் புழங்கிய பாத்திரங்கள் என்று சொல்லி, அவள் வீட்டு எவர்சில்வர் முழுவதையும், கரண்டி வரைக்கும், சாக்கில் கட்டி எடுத்துப்போய்க் கிருமி நீக்கம் செய்வதற்காக ஒரு சேமிப்பறையில் வைத்துப் பூட்டினார். சாவி ஓர் அலுவலரிடம் போயிற்று. அந்த அலுவலர் இரண்டு நாளில் காய்ச்சலோடு சாவியையும் எடுத்துக்கொண்டு வேறு மாவட்டத்திலுள்ள சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

இப்போது தெருவின் முறை. பதினேழு வீடும் அவளுக்குச் சோறு அனுப்பின. காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி என்று போட்டி போட்டுக்கொண்டு, தங்கள் தங்கள் பெயர் வெட்டிய பாத்திரங்களில் அனுப்பின. மைதீன் பாத்து ஒவ்வொரு பாத்திரத்தையும் கழுவி, அடுத்த நாள் தகரத்துக்கு வெளியே வைத்தாள். ஒன்றுகூட வெறுமையாக இல்லை.

முதலில் மதியங்களைக் கொடுத்தாள். மதியம் தீர்ந்ததும் முற்பகலை எடுத்தாள். பிறகு சாயங்காலத்தை. தெருவில் யாரும் இதைத் தப்பாக நினைக்கவில்லை. நோய் கண்ட வீட்டில் நேரம் மிஞ்சிக் கிடக்கும், முறைக்குக் கொடுக்கிறாள், நாமும் கொடுத்தவர்கள்தானே என்று வாங்கித் திறந்து, துணி துவைத்தார்கள், விட்டுப்போன தூக்கத்தைத் தூங்கினார்கள். தெருக்காரர்கள் வழியாக ஜெபக்கனியின் பைக்கும் ஒரு செம்பு வந்தது. களைப்பில் அவள் யாருடைய நேரம் என்று பார்க்காமல் திறந்து, சுகாதார நிலையத்து பெஞ்சில் படுத்து இரண்டரை மணி நேரம் தூங்கினாள். விழித்தபோது அவள் முகக்கவசத்துக்குள் ரம்பை இலை வாசம் அடித்தது.

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். தகரத்துக்கு மேலாக நீண்ட விரலில் மிஷின் எண்பத்தாறு காட்டியது.

"பாத்தக்கா! இது என்னக்கா? நேத்துத் தொண்ணூத்தி நாலு இருந்துச்சே!"

"நேத்தா?" மைதீன் பாத்து ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினாள். "எனக்கு நேத்துன்னு... ஒண்ணும் இல்லயே கனி. விடிஞ்சா... தொழுவுதேன். உடனே... பொழுது அடையுது. மறுபடி தொழுவுதேன். அவ்வளவுதான் ஒரு நாளு."

தொழுகை நேரங்களை மட்டும் அவள் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. அது தன்னுடையது இல்லை என்றாள்.

நோயைப் பற்றிய ஒரு நுட்பத்தை இங்கே விளக்க வேண்டும். நோய் சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிறது. உடம்போ தான் வாழ்ந்த நேரத்தில் மட்டுமே அதோடு சண்டை போட முடியும். ஆறு நாளாக மைதீன் பாத்துவின் நோய் ஒரு மணி விடாமல் உழைத்தது. அவள் உடம்புக்குக் கிடைத்ததோ நாளுக்கு நாலைந்து மணி. மிச்சத்தை எல்லாம் தெரு துணி துவைக்கப் பயன்படுத்தியிருந்தது.

"இனிமே வெறும் பாத்திரமா வைக்கணும். சொல்லிட்டேன்," என்றாள் ஜெபக்கனி. "நீங்க குடுத்தத நானும் தின்னுருக்கேன்க்கா. எனக்குத் தெரியாது."

"நல்லாத் தூங்குனியா?"

"அக்கா!"

"வெறும் பாத்திரம் மட்டும்... வைக்கச் சொல்லாத. மூச்சு நின்னாலும் நிக்கட்டும்."

சுகாதார நிலையத்தில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்று இருந்தது. மைதீன் பாத்துவை அங்கே கொண்டுபோய்க் குப்புறப் படுக்க வைத்தார்கள். எண் எண்பத்தொன்பதுக்கு ஏறி அங்கேயே நின்றது. டாக்டரம்மா எல்லா மருத்துவமனைகளுக்கும் போன் செய்தார். படுக்கை இல்லை, இரண்டு நாள் கழித்துக் கூப்பிடுங்கள் என்றார்கள்.

"ராத்திரிக்குள்ள இன்னும் இறங்கிடும்," என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். "மருந்து எல்லாம் குடுத்தாச்சுங்க. இவங்களுக்கு இப்ப வேண்டியது நாள். முழுசா ரெண்டு நாள் கெடச்சா இந்த உடம்பு தானா மேல வந்துடும். நாளுக்கு நான் எங்க போறது?"

தெரு முழுவதும் சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில், ஆறடிக்கு ஒருவராக, பேச்சுக் கேட்க வேண்டும் என்பதற்காக நாலடிக்கு ஒருவராக, கூடி நின்றது. நேரம் கொடுப்பதில் யாருக்கும் தயக்கமில்லை. ஆனால் எதில் கொடுப்பது? இலையில் கட்டிப் பார்த்தார்கள், ஏனென்றால் இலையைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கேயும் இல்லை. மதியம் இலையின் நரம்பு வழியாகக் கசிந்து, சுகாதார நிலையத்து வாசலுக்கு வருவதற்குள் மூன்று நிமிடமாகச் சுருங்கிவிட்டது. பாலித்தீன் பையில் ஊற்றியது வியர்த்துப்போயிற்று. எவர்சில்வரில் மட்டும்தான் அது தங்கும். எவர்சில்வரில் கொடுத்தால் அவள் நிரப்பித் திருப்புவாள். அவளிடம் மிச்சமிருந்தது இரண்டு தொழுகைக்கு நடுவே கொஞ்சம் மூச்சு.

பிரம்மசக்திதான் அதைச் சொன்னாள்.

"அவ பாத்திரத்துலயே குடுத்தா? அவ பேரு வெட்டுன பாத்திரத்த அவ யாருக்குத் திருப்பணும்?"

எல்லோரும் உமையொருபாகத்தைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். சாவிக்காரர் இரண்டு மாவட்டத்துக்கு அப்பால், தகரத்துக்குப் பின்னால் இருந்தார்.

"பூட்ட உடைங்க சார்," என்றார் யாரோ.

"உடைக்கலாம்," என்றார் உமையொருபாகம். "அதுல போன வாரமே ஆசிட் ஊத்தி ஊறப் போட்டாச்சு. இப்ப அதுல எதுவும் வைக்கக் கூடாது."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முகக்கவசங்களைச் சரிசெய்துகொண்டது. மருதங்குறிச்சியில் பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது என்று மேலே சொன்னேன். ஆனால் எல்லாப் பாத்திரமும் திரும்பும் என்று நான் சொல்லவில்லை. போட்டுக் கொடுக்க நல்லதாக ஏதாவது செய்யும்போது கொடுப்போம், தீபாவளிக்குக் கொடுப்போம், பொங்கலுக்குக் கொடுப்போம் என்று தள்ளிப்போட்டு, ஒரு வருடம் தாண்டி, இனிமேல் கொடுத்தால் இத்தனை நாள் வைத்திருந்தது தெரிந்துவிடுமே என்று பரணில் ஏற்றி, கவிழ்த்து, மேலே பழைய தலையணையைப் போட்டு மறைத்த பாத்திரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு. மைதீன் பாத்து இருபத்தைந்து ரமலானாகத் தெரு முழுக்க நோன்புக் கஞ்சி கொடுத்தவள்.

"யாரு வீட்டுலயாவது பாத்தக்கா பாத்திரம் இருக்கா?" என்று ஜெபக்கனி கேட்டாள்.

"எங்க வீட்டுல இல்லப்பா."

"நாங்கல்லாம் மறுநாளே குடுத்துருவோம்."

"கோமதிநாயகம் அண்ணாச்சிகிட்டக் கேளுங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அவுக பரண்ல ஒரு பாத்திரக் கடையே இருக்கு."

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த கோமதிநாயகம் வேப்பமரத்தின் கிளைகளை ஆராய ஆரம்பித்தார். "எவன் சொன்னான்? எவன் சொன்னாங்கேன்? வந்து பாருங்கல என் வீட்ட."

"பாத்துருவமா?"

"வீட்ட எல்லாம் பாக்கக் கூடாது. தொத்து நோய்க் காலம்."

கூட்டம் கலைந்தது. எண் எண்பத்தெட்டு ஆயிற்று. இந்த இடத்தில் உமையொருபாகம் தம் பணிக்காலத்திலேயே சிறந்த காரியத்தைச் செய்தார். முகக்கவசம் அணியச் சொல்லித் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்த ஒலிபெருக்கி ஆட்டோவை நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, மைக்கைத் தாமே பிடித்தார். பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு, மைதீன் பாத்து என்று பெயர் பொறித்த பாத்திரம் வைத்திருப்போர் ஒரு மதியத்தை நிரப்பிச் சுகாதார நிலையத்தின் பின்வாசலில் வைத்துச் செல்லவும், எத்தனை வருடம் என்று கேட்கப்படாது, பின்வாசல் பக்கம் எந்த அலுவலரும் நிற்க மாட்டார், ரகசியம் காக்கப்படும் என்று அந்தப் பிற்பகல் முழுவதும் ஏழு வார்டிலும் சொல்லிக்கொண்டே போனார். அவருக்குத் தொண்டை கட்டியது.

முதலில் ஒரு பெண் இரண்டு முகக்கவசமும் முக்காடும் போட்டு வந்து, ஓர் அடுக்குச் சட்டியை வைத்துவிட்டு ஓடினாள். ஓட்டத்தை வைத்து அது யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு டிபன் கேரியர் வந்தது, நடு அடுக்கு இல்லாமல். ஒரு போணி வந்தது. டீக்கடைக்காரர் ஒரு நசுங்கிய குத்துச் செம்பில் மூன்று மணியிலிருந்து ஐந்தரை மணி வரை, கடையில் கூட்டம் வருகிற நேரம் முழுவதையும், கொண்டுவந்து வைத்தார். காற்றுக் காலம், கம்பி அறுந்துகொண்டே இருக்கும், லைன்மேனுக்குப் பகலில் தூங்கக் கிடைப்பதே அதிசயம். கோமதிநாயகம் ஐந்து தூக்குவாளிகளைக் கம்பில் கோத்துத் தோளில் வைத்துக்கொண்டு, பின்வாசல் என்று சொல்லியிருந்தும், முன்வாசல் வழியாகவே வந்தார். வரப்போகிற ஐந்து நாள் பகல் தூக்கத்தை முன்கூட்டியே எடுத்து அவற்றில் அடைத்திருந்தார். புதுமண ஜோடியும் வந்தது; மாமியார் பரணில் கிடந்த சருவச்சட்டியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்கள். அந்தச் சட்டியில் என்ன மாதிரி மதியம் இருந்தது என்பதைப் பற்றி மைதீன் பாத்து இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை.

பிரம்மசக்தியிடம் பாத்திரம் எதுவும் இல்லை. அவள் உண்மையிலேயே எல்லாவற்றையும் திருப்பியவள். அன்றுதான் அவள் அதற்காக வருத்தப்பட்டாள்.

மற்றவர்கள் வைத்ததையும் சேர்த்து டாக்டரம்மா எண்ணினார்: பதினெட்டு. பதினெட்டை இரண்டரையால் பெருக்கினால் நாற்பத்தைந்து. இரண்டு நாளுக்கு மூன்று மணி நேரம் குறைந்தது. காத்திருக்க முடியவில்லை. ஜன்னலைச் சாத்தி, ஜெபக்கனி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறு மணி பத்து நிமிடத்துக்கு முதல் மூடியைத் திறந்தாள்.

மைதீன் பாத்து பதினெட்டு மதியங்களில் படுத்திருந்தாள். ஒரு மதியத்தில் காகம் கரைந்தது, ஒரு மதியத்தில் யாரோ உளுந்து ஆட்டினார்கள், ஒரு மதியத்தில் லைன்மேன் ஒருவர் குறட்டை விட்டார். அவள் தூங்கினாள், புரண்டாள், தண்ணீர் கேட்டாள், குவைத்துக்காரரைத் திட்டினாள், மறுபடி தூங்கினாள். நோய்க்கு எதுவும் கிடைக்கவில்லை. அது சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, சுவர்க்கடிகாரத்தில் ஆறு பத்துதான் ஆகியிருந்தது. பதினெட்டாவது மூடி திறந்து தீர்ந்தபோது மிஷின் தொண்ணூற்றிரண்டு காட்டியது. அடுத்த ஐந்தாவது நிமிடம் அது தொண்ணூற்றொன்று ஆயிற்று. கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

"இன்னும் ஒண்ணு," என்றார் டாக்டரம்மா. "ஒண்ணே ஒண்ணு இருந்தா தாண்டிடுவாங்க."

கதவு தட்டப்பட்டது. உமையொருபாகம் நின்றார். கையில் ஒரு சின்ன சம்படம். மூடி அமுக்கி மூடியிருந்தது. 'மைதீன் பாத்து' என்பதில் 'மை' மட்டும் தேய்ந்திருந்தது.

"பதினோரு வருஷம் முந்தி," என்றார் கட்டிப்போன குரலில். "பேரீச்சம்பழம் குடுத்துவிட்டாங்க. எங்க வீட்டுல பேனா போட்டு வச்சிருந்தோம்."

"இதுல எவ்வளவு சார் இருக்கு?"

"மூணு மணி நேரம். தினமும் அறிக்கை எழுதுத நேரம்."

ஜெபக்கனி திறந்தாள். அதில் வாசனை எதுவும் இல்லை; காகிதம் புரளுகிற சத்தம் மட்டும் வந்தது. அன்றைய அறிக்கை மருதங்குறிச்சியிலிருந்து போகவில்லை. அந்தத் தேதியில் எங்கள் ஊரில் ஒருவருக்குக்கூட நோய் இல்லை என்றுதான் மாவட்டப் பதிவுகளில் இருக்கிறது.

மூன்று மணி நேரம் தீர்ந்தபோது மிஷின் தொண்ணூற்றைந்தில் நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தார்கள். பத்து நிமிடம் பார்த்தார்கள். டாக்டரம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மைதீன் பாத்து எழுந்து, தலைமுக்காட்டைச் சரிசெய்து, கட்டிலைச் சுற்றிக் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பெயரைப் படித்தாள். ஜன்னலுக்கு வெளியே தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இந்த அஞ்சு வாளியும் இத்தன வருஷமா எங்க இருந்துச்சு?"

"பத்திரமா இருந்துச்சு மைனி," என்றார் கோமதிநாயகம் வெளியிலிருந்து. "என்னிய மாதிரி யாரு வச்சுருப்பா?"

"நடு அடுக்கு எங்க?"

கூட்டத்தில் ஒருவர் பின்வரிசைக்கு நகர்ந்தார்.

"பசிக்குது," என்றாள் மைதீன் பாத்து. ஜெபக்கனி அப்போதுதான் அழுதாள்.

அடுத்த தை மாதம் பிரம்மசக்தி மகளின் கல்யாணச் சீருக்காகப் பஜாரில் பதினேழு எவர்சில்வர் பாத்திரங்கள் எடுத்தாள். பெயர் வெட்டுகிறவர் மிஷினை ஓட விட்டு, பெண்ணுக்குப் பெயர் என்ன என்று கேட்டார். பிரம்மசக்தி மகள் பெயரைச் சொல்லவில்லை. இனி யாருக்கு நாள் குறைந்தாலும் அவர் பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்று கைவசம் இருக்கட்டும் என நினைத்து, மைதீன் பாத்து, ஜெபக்கனி, கோமதிநாயகம் என்று தெருவிலும் சுகாதார நிலையத்திலும் இருக்கிறவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவரும் ஒரு பாத்திரத்துக்கு ஒரு பெயராக வெட்டிக்கொண்டே வந்தார். பதினேழாவது ஒரு சின்னக் கிண்ணம். உமையொருபாகம் என்ற பெயர் அதில் முழுதாகக் கொள்ளவில்லை. மிச்சத்தை மூடியில் வெட்டிக் கொடுத்தார்.